ரெக்கார்டு நோட்டில் இல்லாதது

(பாடாலூரில் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கணினி படித்த எல்லோருக்கும் ரெக்கார்டு நோட்டு தெரியும். எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட் என்று வரிசையாகத் தலைப்புகள். கடைசியில் ரிசல்ட் என்று போட்டு, நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டது என்று ஒரு வரி. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதி, பிராக்டிகல் தேர்வுக்கு முன்னால் ஓடி ஓடிக் கையெழுத்து வாங்கி வைப்போம். அந்த நோட்டில் உள்ள எந்த நிரலும் ஒரு தடவைகூடத் தவறியது கிடையாது. எல்லாம் முதல் தடவையிலேயே ஓடியது போல இருக்கும்.

லேபில் நடந்தது என்ன? ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதில் முக்கால் மணி நேரம் போயிருக்கும். பக்கத்துக் கணினியில் ஓடிய அதே நிரல் நம் கணினியில் ஓடியிருக்காது. திரையில் சிவப்பாக வந்த செய்தியை யாரும் முழுசாகப் படித்திருக்க மாட்டோம். பிறகு யாரோ ஒரு தோழி வந்து ஒரு வரியை மாற்றியிருப்பாள், ஓடியிருக்கும். ஏன் ஓடியது என்று கேட்பதற்குள் மணி அடித்திருக்கும். நாம் உண்மையில் படித்த படிப்பு அந்த முக்கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது. அதற்கு ரெக்கார்டு நோட்டில் ஒரு வரிகூட இடம் இல்லை.

அந்த இடத்தை நீங்கள் உண்டாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்தேன். நிரல் எழுதுகிறவர் ஒவ்வொருவரும், என்ன செய்ய நினைத்தோம், எங்கே மாட்டிக்கொண்டோம், எப்படி வெளியே வந்தோம் என்பதைத் தேதி போட்டு, தமிழில், பிறர் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எழுத வேண்டும்.

பொதுவாகச் சொன்னால் புரியாது. உங்கள் லேபிலேயே உள்ள ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கிற சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரல், பாலிண்ட்ரோம், அநேகமாக எல்லாக் கல்லூரியிலும் உண்டு. 'மேடம்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கொடுப்பார்கள். ஆமாம் என்று பதில் வரும். நோட்டில் எழுதிவிடுவோம். தமிழில் இதற்குச் சின்னப் பிள்ளையும் சொல்லுகிற சொல் விகடகவி. ஞானசம்பந்தர் மாலைமாற்றாக ஒரு பதிகமே பாடிய மொழி இது. அந்த நிரலிடம் போய் விகடகவி என்று கொடுத்துப் பாருங்கள். இல்லை, இது பாலிண்ட்ரோம் அல்ல என்று சொல்லும்.

நிரலில் பிழை இல்லை. அப்படியானால் ஏன்? நம் கண்ணுக்கு வி, க, ட, க, வி என்று 5 எழுத்து. கணினிக்கு வ, இகரக் குறி, க, ட, க, வ, இகரக் குறி என்று 7. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில், தமிழுக்கு ஒதுக்கிய இடத்தில் உயிரெழுத்துகள், அகரம் ஏறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி போன்றவற்றுக்குத்தான் எண் உண்டு. 'வி' என்ற முழு எழுத்துக்குத் தனி எண் கிடையாது. 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோதே, இந்தியாவில் அப்போதிருந்த இஸ்கி என்ற குறியாக்க முறையைத் தழுவி இப்படி அமைந்துவிட்டது. அந்த 7 குறிகளையும் திருப்பிப் போட்டால் முதலில் வருவது ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாத ஓர் இகரக் குறி. நடுவில் உள்ள ககரம் ஒன்று பக்கத்துக் குறியை வாங்கிக்கொண்டு 'கி' ஆகிவிடும். கடைசியில் வெறும் 'வ' நிற்கும். விகடகவி எங்கே, இது எங்கே!

நம் ஊர்ப் பெயரையே கொடுத்துப் பார்க்கலாம். பைத்தான் என்ற நிரல் மொழியில் சொல்லின் நீளம் கேட்க 'லென்' என்று ஒரு கட்டளை. பாடாலூர் எவ்வளவு நீளம் என்று கேட்டால் 8 என்கிறது. பா, டா, லூ, ர் என்று நாம் எண்ணினால் 4. அதே சொல்லை யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் சேமித்தால் 24 பைட். மூன்று விடையும் சரிதான், மூன்றும் வேறு வேறு கேள்விக்கான விடை. எழுத்துகளாகப் பிரித்துக்கொண்டு பிறகு திருப்பினால் விகடகவி விகடகவியாகவே வரும். அப்படிப் பிரித்துத் தருவதற்கு 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது, இலவசமாக.

இதை அமெரிக்காவில் இருந்து ஒருவர் நமக்காக எழுதித் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்கு விகடகவி தெரியாது. அவர் மொழியில் இந்தச் சிக்கல் இப்படி எழுவதே இல்லை. உங்கள் கல்லூரியில் ஒரு மாணவி இதைக் கொடுத்துப் பார்த்து, வியந்து, காரணம் தேடி, இரண்டு பக்கம் எழுதினால் அது தமிழில் நிரல் எழுதப்போகும் எல்லோருக்கும் உதவும். எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு இன்னொரு மாணவி அதே சுவரில் போய் முட்டிக்கொள்வாள்.

இது புதிதாக நான் சொல்லும் யோசனை இல்லை. இந்தத் துறை தொடங்கியதே எழுதி வைத்த குறிப்பில்தான். 1843-ல் ஏடா லவ்லேஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, சார்லஸ் பாபேஜின் எந்திரத்தைப் பற்றிப் பிரெஞ்சில் வந்த ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தார். கூடவே தன் குறிப்புகளையும் சேர்த்தார். குறிப்புகள் மூலக் கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீண்டன. பெர்னூலி எண்களை அந்த எந்திரம் படிப்படியாக எப்படிக் கணக்கிடும் என்பதைக் கடைசிக் குறிப்பில் வகுத்துக் காட்டியிருக்கிறார். அந்த எந்திரம் முழுதாகக் கட்டப்படவே இல்லை. ஆனால் அந்தக் குறிப்பு இருக்கிறது.

1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க்-2 கணினி தகராறு செய்தது. திறந்து பார்த்தால் ஒரு ரிலேக்குள் அந்துப்பூச்சி. வேலை பார்த்தவர்கள் அதை எடுத்துத் தூர எறியவில்லை. அன்றைய பதிவேட்டில் நேரம் குறித்து, பூச்சியையே டேப் போட்டு ஒட்டி, கீழே ஒரு வரி எழுதினார்கள். அந்தப் பதிவேடு இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் வெற்றியை மட்டும் எழுதுகிற ரெக்கார்டு நோட்டு வைத்திருந்தால் அந்தப் பூச்சி குப்பைக்குத்தான் போயிருக்கும்.

டொனால்டு நூத் என்ற கணினி அறிஞரைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகங்களை அச்சுக் கோப்பதற்காக 'டெக்' என்ற மென்பொருளைத் தனியாளாக எழுதினார். 1978 முதல் அதில் தான் செய்த ஒவ்வொரு பிழையையும் வரிசையாகக் குறித்து வைத்தார். என்ன பிழை, எந்த வகைப் பிழை என்று பிரித்தார். 1989-ல் அந்தப் பட்டியலை அப்படியே ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். உலகமே ஆசானாகக் கொண்டாடிய மனிதர் தன் பிழைகளைப் பிறர் பாடமாகப் படிக்கட்டும் என்று அச்சில் ஏற்றினார். அதில் புதுப் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்குக் காசோலையும் அனுப்பினார். எனக்கு இந்தச் செயலின் மேல் பெரிய மரியாதை உண்டு. நம் வகுப்பறைகளில் பிழை என்பது ஒளித்து வைக்க வேண்டிய பொருளாக இருக்கிறது. அந்தப் பழக்கம் போகாமல் நம்மிடம் நல்ல நிரலர்கள் பெருக மாட்டார்கள்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரரின் வழி வேறு. தனக்குத் தோன்றியதை மைப்பேனாவால் காகிதத்தில் எழுதுவார். தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டு, பக்கத்தில் வரிசை எண் போடுவார். சில நண்பர்களுக்கு நகல் எடுத்துத் தபாலில் அனுப்புவார். அவர்கள் தங்கள் நண்பர்களுக்கு நகல் எடுத்துக் கொடுப்பார்கள். இப்படியே 2002-ல் காலமாகும் வரை 1,300-க்கும் மேற்பட்ட குறிப்புகள். சில குறிப்பு ஒரு பக்கம், சில பல பக்கம். எல்லாவற்றையும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாத்து, யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு பேனா, கொஞ்சம் காகிதம், நகல் எந்திரம். இவ்வளவுதான் அவர் வைத்திருந்த கருவிகள். உங்கள் கையில் உள்ள கைபேசியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு குறைவு!

சரி, தமிழில்? இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர் எழுத்தாளர் சுஜாதா. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கிய வேலையில் பங்குகொண்டவர். கணினியைப் பற்றி வாரப் பத்திரிகை வாசகருக்குத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டியவர் அவர். கணினி என்றால் என்ன என்று அவர் சொன்னார். அதில் நிரல் எழுதுவது எப்படி என்று வரிவரியாகச் சொல்ல அடுத்த தலைமுறை வர வேண்டியிருந்தது.

அப்படி வந்ததில் நான் முதலில் சொல்வது 'கணியம்'. கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதுவதற்கென்றே த. சீனிவாசனும் அவருடைய நண்பர்களும் 2012 ஜனவரியில் தொடங்கிய மின்னிதழ் அது. எழுதியவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதியவர்கள். சம்பளம் கிடையாது. யாரும் நகலெடுக்கலாம், பகிரலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். அதில் து. நித்யா எழுதிய தொடர்களை நீங்கள் படிக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல், குனு லினக்ஸ், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் என்று ஒவ்வொன்றையும் 'எளிய தமிழில்' என்ற தலைப்போடு எழுதினார். கட்டளை இது, இதைத் தட்டினால் திரையில் இது வரும், இதற்குப் பொருள் இது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது போன்ற எழுத்து. தொடராக வந்தவை பிறகு மின்னூல்களாயின. இயந்திரக் கற்றல் வரைக்கும் அந்த வரிசை நீண்டது.

அவை எப்படிப் புத்தகமாயின என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கு ஒரு புத்தகம் எழுதுவோம் என்று உட்கார்ந்தால் யாராலும் முடியாது. ஒரு பகுதி எழுதி, அது வெளியாகி, அடுத்த பகுதி எழுதி, இப்படிச் சேர்ந்ததுதான் புத்தகம். தொடர்ந்து எழுதுகிறவர்களுக்குத்தான் அந்தப் பேறு கிடைக்கும்.

முத்து அண்ணாமலை என்பவர் 'எழில்' என்று ஒரு நிரல் மொழியையே தமிழ்ச் சொற்களால் உருவாக்கினார். திரையில் ஒன்றைக் காட்ட அதில் 'பதிப்பி' என்று எழுத வேண்டும். 2009-ல் அதை விளக்கி ஆய்வுக் குறிப்பும் வெளியிட்டார். எழிலை வைத்துப் பெரிய மென்பொருள் எழுதுவீர்களா என்று கேட்டால், மாட்டோம். ஆனால் பள்ளிப் பிள்ளை நிரல் என்ற ஒன்றை முதன்முதலாகத் தொடுகிறபோது தன் மொழியிலேயே தொடலாம். ஒரு மொழியை உருவாக்குவது எப்படி என்பதையும் அவர் எழுதி வைத்ததிலிருந்து நாம் படிக்கலாம். நான் சற்று முன்னால் சொன்ன ஓப்பன்-தமிழ் நூலகத்துக்கும் அவர் பங்களிப்பு பெரியது.

இப்போது கணினியை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். நம் பக்கத்தில் ஊட்டத்தூர் இருக்கிறது. சிவன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அந்த ஊரின் பெயர் உலகத்தில் உள்ள புவியியல் நூல்களில் இருக்கிறது, தெரியுமா? 1862-ல் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர், கடல் இருந்து வற்றிய இந்த நிலத்தின் பாறை அடுக்குகளை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பகுத்து எழுதி வெளியிட்டார். இங்கே கிடைத்த கடல் உயிரிகளின் புதைபடிவங்களை ஸ்டோலிக்ஸ்கா என்பவர் ஒவ்வொன்றாகப் படம் போட்டு விவரித்தார். எந்த ஊர், எந்த அடுக்கு, கிடைத்தது என்ன என்று குறித்து வைத்ததால்தான், ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் ஆய்வாளர்கள் அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு காரைக்கும் குன்னத்துக்கும் வந்து சரிபார்க்கிறார்கள். நம் ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிற மரத்தை எத்தனையோ தலைமுறை பார்த்திருக்கும். ஆடு மேய்த்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்திருப்பார்கள். 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற தமிழ்ப் புவியியலாளர் பார்த்து எழுதிய பிறகுதான் அது என்ன என்று உலகத்துக்குத் தெரிந்தது.

நிரல் எழுதுகிறவர் குறிப்பிலும் இதே துல்லியம் வேண்டும். 'நேற்று ஒரு பிரச்சினை வந்தது, ஒருவழியாகச் சரிசெய்தேன்' என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை, எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்துப் பயன் இல்லை. பயன்படுகிற குறிப்பு எப்படி இருக்கும் என்று ஒன்றைக் காட்டுகிறேன்.

சின்ன வெங்காயம் போட்ட விவசாயிகளின் பெயரும் நிலத்தின் அளவும் உள்ள ஒரு பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் நிரல் அதைச் சிஎஸ்வி கோப்பாக எழுதுகிறது. நோட்பேடில் திறந்தால் தமிழ் அழகாகத் தெரிகிறது. அலுவலகத்தில் எக்செலில் இரண்டு தட்டுத் தட்டித் திறந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் குப்பை. தலைக்கு மேல் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒன்று. மறுபடி அதே 'ஏ', அதே 'ஆர்'. தமிழ்நாட்டில் இதைப் பார்க்காத அலுவலகம் இருக்காது என்று நினைக்கிறேன். பார்த்தவர்கள் 'ஃபாண்ட் பிரச்சினை' என்று சொல்லிவிட்டு எல்லாப் பெயரையும் மறுபடி கையால் தட்டுவார்கள்.

ஃபாண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் மாறிக்கொண்டே இருக்கும். இந்தக் கோப்பு யூடிஎஃப்-8 என்று யாரும் சொல்லாததால், எக்செல் அதைப் பழைய விண்டோஸ் முறையில் ஒவ்வொரு பைட்டாகப் படிக்கிறது. அந்த முறையில் 224 என்றால் கோடு போட்ட 'ஏ', 174 என்றால் வட்டத்துக்குள் 'ஆர்'. அந்த இரண்டும் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். கோப்பை எழுதுகிற வரியில் குறியாக்கம் 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்துவிட்டால், கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் சேரும். எக்செல் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். ஒரு சொல் மாற்றினால் போதும்.

இதை எழுதும்போது தேதி போடுங்கள். விண்டோஸ் எந்தப் பதிப்பு, எக்செல் எந்தப் பதிப்பு, பைத்தான் எந்தப் பதிப்பு என்று குறியுங்கள். பிழைச் செய்தி வந்திருந்தால் அதை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே ஒட்டுங்கள். தேடுகிறவர் அந்தச் செய்தியை வைத்துத்தான் தேடுவார். முயன்று பார்த்துப் பலிக்காமல் போன வழிகளையும் எழுதுங்கள், அடுத்தவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பார். எடுத்துக்காட்டுக்கு ஓட வேண்டிய மிகச் சின்ன நிரலை மட்டும் வையுங்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: பட்டியலில் உள்ள உண்மைப் பெயர், ஆதார் எண், குடும்ப அட்டை எண், கைபேசி எண் எதையும் வெளியில் வைக்கக் கூடாது. கற்பனைப் பெயர் போட்டுக்கொள்ளுங்கள். வேலை பார்க்கிற இடத்து நிரலையும் எடுத்து வைக்கக் கூடாது. சிக்கலை மட்டும் தனியே பிரித்துப் புதிதாக ஒரு குட்டி நிரலாக எழுதுங்கள். அப்படிப் பிரிக்கும்போதே பாதி நேரம் விடை தெரிந்துவிடும்.

எந்த மொழிநடை என்று கேட்பீர்கள். பக்கத்தில் உள்ளவருக்குச் சொல்வது போல எழுதுங்கள். கலைச்சொல் தெரிந்தால் போடுங்கள், தெரியாவிட்டால் நிற்க வேண்டாம். இதில் சண்டை போட்டே காலத்தைக் கழித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கே எழுதி வைப்பது என்பதிலும் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். நிறம், அலங்காரம், எழுத்துரு என்று பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு ஒரு பக்கம்கூட எழுதாமல் விட்டவர்கள் ஏராளம். வெறும் டெக்ஸ்ட் கோப்பு போதும், யூனிகோடாக இருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1990-களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. ஒன்றில் தட்டியதை இன்னொன்றில் திறந்தால் படிக்க முடியாது. இதைச் சரிசெய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடியது, தமிழ்99 விசைப்பலகையும் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். அதற்காகத் தன்னார்வலர்கள் கணினியில் தட்டித் தந்த பழந்தமிழ் நூல்களைப் பிறகு யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்த உழைப்பு நமக்கு இன்று தேவையில்லை. கோப்புகளை 'கிட்' என்ற மென்பொருள் கொண்டு பராமரித்தால் என்று எதை மாற்றினோம் என்பதும் சேர்ந்தே பதிவாகிவிடும். நிரலுக்கு எப்படியும் அதைக் கற்கத்தான் போகிறீர்கள்.

தொடங்குவது சுலபம். மூன்றாம் மாதம்தான் கடினம். தேர்வு வரும், வீட்டில் கல்யாணம் வரும், வேலை தேடும் கவலை வரும். இடையில் நின்றுபோனால் வெட்கப்பட வேண்டாம். மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதவும் வேண்டாம். அன்றைக்கு மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து எழுதுங்கள். பெரிதாக ஏதாவது கற்ற பிறகு எழுதலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய தடை. ஒன்றை நன்றாகக் கற்றுத் தேர்ந்தவருக்கு, ஆரம்பத்தில் எது புரியவில்லை என்பதே மறந்துபோகும். லூப் என்றால் என்ன என்று போன வாரம் புரிந்துகொண்டவர்தான் இந்த வாரம் புரியாமல் தவிப்பவருக்குச் சிறந்த ஆசிரியர். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ரெக்கார்டு நோட்டிலேயே 'எதிர்கொண்ட பிழைகள்' என்று ஒரு தலைப்பு சேர்த்து, அதற்கும் இரண்டு மதிப்பெண் வையுங்கள். உண்மையாக எழுதியவருக்குக் கொடுங்கள்.

இன்னொரு கேள்வி எல்லார் மனத்திலும் இருக்கும். 2022 முடிவில் சாட்ஜிபிடி வந்தது. அதற்குப் பிறகு அதைப் போல எத்தனையோ. கேட்டால் நிரலையே எழுதித் தருகிறதே, நாம் ஏன் குறிப்பு எழுத வேண்டும்? அந்த மென்பொருள்கள் மனிதர்கள் எழுதி வைத்ததைப் படித்துத்தான் கற்றன. விகடகவிச் சிக்கலை யாரோ எங்கோ எழுதியிருந்தால்தான் அவற்றுக்கும் தெரியும். தமிழில் எழுதப்பட்டது குறைவு என்பதால் தமிழில் அவை தரும் விடையும் தடுமாறுகிறது. இரண்டாவது, எந்திரம் தந்த விடை சரியா என்று பார்க்கிற பொறுப்பு உங்களுடையது. முட்டி மோதி, எழுதித் தெளிந்தவருக்குத்தான் அந்தக் கண் இருக்கும். எந்திரத்தைப் பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தவறாகச் சொன்ன இடத்தையும் தேதி போட்டு எழுதுங்கள். அதுவும் நல்ல குறிப்புதான்.

எழுத என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம். இந்த வட்டாரத்திலேயே கிடக்கிறது. கொளக்காநத்தம் என்ற ஊர்ப் பெயரை ஒரு பட்டியலில் தேடினால் சில நேரம் கிடைக்காது. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. கல் குவாரியில் லாரிக்கு எத்தனை யூனிட் என்று கணக்குப் போடும் நிரல், பள்ளிக்கூட டைம்டேபிள் போடும் நிரல், மார்க்கெட் விலையைத் தினமும் குறித்து வரைபடம் போடும் நிரல் என்று எதை எடுத்தாலும் பத்துப் பக்கம் தேறும்.

ஒன்றை மட்டும் உங்களிடம் விட்டுப் போகிறேன். ஒரு வகுப்பில் அமுதா, அம்சவேணி, கனகா, கபிலன் என்று நான்கு பேர். வருகைப் பதிவேட்டில் தமிழ் அகரவரிசைப்படி அம்சவேணி, அமுதா, கபிலன், கனகா என்று வர வேண்டும். மகர மெய் மகர உயிர்மெய்க்கு முன்னால் வரும், பகரம் னகரத்துக்கு முன்னால் வரும். பைத்தானில் இந்த நான்கு பெயரையும் கொடுத்து 'சார்ட்' செய்தால் அமுதா, அம்சவேணி, கனகா, கபிலன் என்று வரும். இரண்டு இடத்தில் தவறு, இரண்டுக்கும் காரணம் வேறு. யூனிகோடு அட்டவணையில் புள்ளி எங்கே இருக்கிறது, னகரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். சரிசெய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். செய்ததை, தவறிய முயற்சிகளையும் சேர்த்து, தேதி போட்டு எழுதுங்கள். முதல் பக்கத்தின் ஒரு நகலை உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள், இன்னொன்றை உங்களுக்கு அடுத்த ஆண்டு படிக்கப்போகிற ஒருவரிடம் கொடுங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள். பின்வரிசையில் கை தூக்கிய தங்கை முதலில் கேட்கட்டும்.